கண்ணாடி உண்டியலும் காணாத கணக்கும்

துருக்கி நாடு. 2023 ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 6 ஆம் நாள். விடிவதற்கு முன்பு, மணி நான்கு கடந்து பதினேழு நிமிடம். ஊர் உறக்கத்திலே கிடக்கிறது. எலும்பைத் துளைக்கும் பனிக்காலக் குளிர். அந்த நேரத்திலே நிலம் ஆடியது, தோழர்களே! 7.8 என்று அளந்து சொன்னார்கள் அறிவியலார். அடுக்கு மாடிகள் அட்டைப் பெட்டிகளெனச் சரிந்தன. பிழைத்தவர்கள் வெறுங்கையால் இடிபாட்டைத் தோண்டிக் கொண்டிருந்தபோதே, ஒன்பது மணி நேரம் கழித்து, மீண்டும் ஒரு பெருநடுக்கம். துருக்கியில் மட்டும் 50,000 பேருக்கு மேல் மாண்டார்கள். எல்லைக்கு அப்பால் சிரியாவிலே மேலும் பல ஆயிரம் பேர்.

ஆதியமான் என்றொரு நகரம் அங்கே இருக்கிறது. தகடூர் அதியமானை நினைவூட்டும் பெயர்! ஒலியிலேதான் ஒற்றுமை, வேறு உறவு இல்லை. ஆயினும், கிடைத்தற்கரிய நெல்லிக்கனியைத் தான் உண்ணாமல் ஔவைக்குத் தந்த வள்ளலின் பெயரைப் போன்றதொரு பெயரைத் தாங்கிய ஊர், அன்று உலகத்தைப் பார்த்துக் கையேந்தி நின்றது. கூடாரம் கொடுங்கள், கம்பளி கொடுங்கள், ரொட்டி கொடுங்கள் என்று கதறியது.

உலகம் கொடுத்தது. வெள்ளையனும் கொடுத்தான், கறுப்பனும் கொடுத்தான். கோடீசுவரனும் கொடுத்தான், கூலிக்காரனும் கொடுத்தான். அந்தக் கொடையிலே ஒரு பகுதி, நம் தோழர்களில் பலர் கையால் தொட்டிராத, கையால் தொடவே முடியாத காசாக வந்தது. கிரிப்டோ நாணயம் என்கிறார்கள் அதை. அந்தக் காசைப் பற்றியும், அதைத் துயர் துடைக்கத் திரட்டும்போது எழுகின்ற நம்பிக்கைச் சிக்கலைப் பற்றியும் இன்று பேச விரும்புகிறோம்.

"நமக்கெதற்கு இந்த வம்பு? மில்லிலே வேலை, மாதம் பிறந்தால் சம்பளம், அதிலே பாதி கடனுக்கு. கணினிக் காசு நமக்கெதற்கு?" என்று கேட்கலாம் சிலர். சொல்கிறோம். புயலடித்தால் தகரப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு தெருத்தெருவாகச் செல்பவர்கள் நம் தோழர்கள். நேற்றுவரை பெட்டி; இன்று செல்பேசியிலே கட்டமிட்ட படத்தைக் காட்டிப் பணம் பெறுகிறோம். கடல் கடந்து வாழும் தம்பி ஒருவன், "அண்ணே, நான் ஈதராக அனுப்பட்டுமா, பிட்காயினாக அனுப்பட்டுமா?" என்று கேட்கும் நாள் தொலைவில் இல்லை. கேட்கும்போது விழிக்கக் கூடாதல்லவா? அதனால்தான் இந்தப் பாடம்.

இந்த நாணயத்திலே அரசன் தலை இல்லை, அசோகச் சக்கரம் இல்லை, ரிசர்வ் வங்கி ஆளுநரின் கையெழுத்து இல்லை. 2009 ஆம் ஆண்டு ஜனவரியிலே பிட்காயின் என்ற பெயரோடு முதலாவது நாணயம் பிறந்தது. பின்னர் ஈதர் முதலாகப் பலப்பல. இவற்றின் உயிர், பிளாக்செயின் என்னும் பேரேட்டிலே இருக்கிறது.

அது என்ன பேரேடு? மளிகைக் கடையிலே நமக்கொரு பற்று நோட்டு உண்டு. கடைக்காரர் எழுதுவார், நோட்டு அவரிடமே இருக்கும். அரைப்படி உளுந்து ஒரு படியாக மாறியிருந்தாலும், நாம் தலையைச் சொறிந்துவிட்டுக் கொடுத்துவிட்டு வருவோம். அந்த நோட்டுக்கு ஆயிரக்கணக்கான படிகள் இருந்து, ஒவ்வொரு படியும் ஒவ்வோர் ஊரிலே இருந்து, ஒரு வரி எழுதினால் அத்தனை படியிலும் அது ஏறுவதாக வைத்துக்கொள்ளுங்கள். கடைக்காரர் ஒரு படியிலே கைவைத்தால் மற்றப் படிகள் காட்டிக் கொடுத்துவிடும். எந்தப் பையிலிருந்து எந்தப் பைக்கு எவ்வளவு போயிற்று, எந்த நாளில், எந்த நொடியில் போயிற்று என்பதை, இணைய வசதி உள்ள எவரும் பார்க்கலாம். பார்ப்பதற்கு யாரிடமும் மனுப்போட வேண்டியதில்லை.

வரவேற்கிறோமா இதை? மனமார வரவேற்கிறோம்! தகரப் பெட்டிக்குள்ளே எவ்வளவு விழுந்தது என்பது, பூட்டைத் திறந்தவருக்கு மட்டுமே தெரியும். அவர் நாணயமானவராக இருந்தால் நாடு தப்பியது. இந்தப் பேரேடோ கண்ணாடி உண்டியல். விழுகின்ற ஒவ்வொரு காசும் வெளியே தெரிகிறது. இலட்சம் திரட்டிவிட்டு எண்பதாயிரம்தான் வந்தது என்று சொல்ல முடியாது. வேதம் ஓதும் உரிமை எமக்கே என்றவர்களை எதிர்த்து வளர்ந்த இயக்கத்தார் நாம். ஏட்டைப் படிக்கும் உரிமை எல்லார்க்கும் உண்டு என்கிற எந்த முறையையும் எதிர்த்து நிற்க மாட்டோம்.

ஆனால், கண்ணாடி உண்டியல் வந்துவிட்டது, இனிக் கவலை இல்லை, கணக்கே கேட்க வேண்டாம் என்கிறார்களே, அங்கேதான் நாம் நிற்கிறோம். நின்று மூன்று கேள்வி கேட்கிறோம். உண்டியல் யாருடையது? உள்ளே விழுந்தது எவ்வளவு பெறும்? வெளியே எடுத்தது எங்கே போயிற்று?

முதல் கேள்வி. உண்டியல் யாருடையது?

ஈதர் நாணயத்தை வாங்கும் பையின் முகவரி எப்படி இருக்கும் தெரியுமா? சுழியும் எக்ஸ் என்ற எழுத்தும் முன்னே நிற்க, பின்னே 40 எழுத்தும் எண்ணும் கலந்து நீளும். பெயர் இல்லை, ஊர் இல்லை, தெரு இல்லை. அந்தப் பைக்குள் விழுவது பளிச்சென்று தெரியும். பைக்குப் பின்னே நிற்பவன் முகம் தெரியாது. பார்த்தீர்களா விந்தையை! பெட்டி கண்ணாடி, பெட்டிக்காரனுக்கோ முகமூடி!

துருக்கியிலே பிணங்கள் எடுக்கப்படும் முன்பே பித்தலாட்டக்காரர்கள் கடை விரித்துவிட்டார்கள். தீயணைப்பு வீரர் ஒருவர் இடிபாட்டின் நடுவே குழந்தையை நெஞ்சோடு அணைத்து நிற்கும் படம். பார்த்தவர் கண் கலங்கும். படத்துக்குக் கீழே ஒரு கிரிப்டோ முகவரி, கொடுங்கள் என்ற வேண்டுகோளோடு. உற்றுப் பார்த்தவர்கள் கண்டுகொண்டார்கள்: வீரரின் வலக்கையிலே விரல்கள் ஆறு! செயற்கை நுண்ணறிவு தீட்டிய படம் அது. தீட்டியவர் வேறு, திருடியவர் வேறு. கிரேக்க நாட்டுத் தீயணைப்பு அதிகாரி ஒருவர் வீரர்களைப் போற்றுவதற்காக உருவாக்கியதாக வெளிவந்த படத்தை, எத்தர்கள் எடுத்து இரவல் கண்ணீருக்குப் பயன்படுத்தினார்கள். பி.பி.சி. நிறுவனத்தார் துருவிப் பார்த்தபோது இன்னொன்றும் தெரிந்தது. அந்த வேண்டுகோளோடு வந்த முகவரிகளில் ஒன்று, 2018 ஆம் ஆண்டிலிருந்தே மோசடிச் செய்திகளிலே உலவிய பழைய முகவரி.

வங்கியிலே தவறாகப் போட்ட பணத்தை, மேலாளரைப் பார்த்து, மனுக் கொடுத்து, ஓரளவேனும் மீட்க வழி உண்டு. இங்கே மேலாளரே கிடையாது. போனது போனதுதான். ஆகவே நாணயம் அனுப்புவதற்கு முன்பே, இந்த முகவரி இவருடையதுதான் என்று, பெயரும் பொறுப்பும் உடைய நிறுவனம் ஒன்று தன் சொந்தத் தளத்திலும் தன் சொந்த வாயாலும் சொல்லியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். எவரோ அனுப்பிய படத்துக்குக் கீழே இருக்கும் முகவரிக்கு ஒரு காசும் அனுப்பக் கூடாது. இரக்கத்துக்கு வேகம் வேண்டும். ஆனால் இரக்கத்தின் கண்ணைக் கட்டிவிட்டு ஓடவிடக் கூடாது.

இரண்டாம் கேள்வி. உள்ளே விழுந்தது எவ்வளவு பெறும்?

இதற்குச் சான்று தேடித் துருக்கிக்குப் போக வேண்டாம். நம் நாட்டிலேயே நடந்தது. 2021 ஏப்ரல், மே. கொரோனாவின் இரண்டாம் அலை. மருத்துவமனை வாயிலிலே மூச்சுக்குத் திணறியவர்களையும், சுடுகாட்டிலே வரிசையிலே காத்திருந்த உடல்களையும் மறந்திருக்க மாட்டீர்கள். அந்த ஏப்ரல் 24 ஆம் நாள், பாலிகான் என்ற கிரிப்டோ நிறுவனத்தை உருவாக்கியவர்களில் ஒருவரான சந்தீப் நைல்வால், கோவிட் துயர் துடைக்கக் கிரிப்டோ நிதி ஒன்றைத் தொடங்கினார். நல்ல நோக்கம், நாலா பக்கமிருந்தும் நாணயம் வந்தது.

மே 12 ஆம் நாள் வந்தது ஒரு கொடை. எதீரியம் என்னும் பேரேட்டை உருவாக்கியவர்களில் முதன்மையான விட்டாலிக் புட்டெரின் அனுப்பியது. 500 ஈதர் நாணயம்; அதோடு ஷிபா இனு என்ற நாணயத்தில் 50 இலட்சம் கோடிக்கும் மேலே! எண்ணிக்கையைக் கேட்டுத் தலை சுற்றுகிறதல்லவா? அன்றைய சந்தை விலைப்படி ஏறத்தாழ 100 கோடி டாலர். நம் கணக்கில் 7,000 கோடி ரூபாய்க்கு மேல். நாயின் முகம் பொறித்த, விளையாட்டாகத் தொடங்கப்பட்ட நாணயம் அது. அதை உருவாக்கியவர்கள், மொத்த நாணயங்களில் பாதியைப் புட்டெரின் கேட்காமலே அவர் பைக்குள் தள்ளியிருந்தார்கள், விளம்பரத்துக்காக. அவர் அதிலே ஒரு பகுதியை அள்ளி இந்தியாவின் துயருக்குக் கொடுத்தார்.

கொடுத்த செய்தி பரவியதும் என்ன ஆயிற்று? அந்த நாணயத்தின் விலை கிடுகிடுவென்று சரிந்தது. இவ்வளவு நாணயமும் சந்தைக்கு வரப்போகிறதே என்ற அச்சம்! நூறு மூட்டை நெல் விற்கும் சந்தையிலே ஆயிரம் மூட்டையை ஒரே காலையில் இறக்கினால் விலை நிற்குமா? நிதியை நடத்தியவர்கள் இரண்டு பக்கமும் பார்க்க வேண்டியதாயிற்று. ஒரு பக்கம் மூச்சுக் காற்றுக்குக் காத்திருக்கும் நோயாளி. இன்னொரு பக்கம், அந்த நாணயத்திலே சேமிப்பைப் போட்டிருக்கும் சிறு முதலீட்டாளர். அவர்களுக்குக் கேடு வராதபடி பொறுப்போடு விற்போம் என்று நைல்வால் அறிவித்தார். சிறுகச் சிறுக விற்றார்கள். தலைப்புச் செய்தியிலே மின்னிய அந்த 100 கோடி டாலர் முழுவதும் ரொக்கமாகக் கைக்கு வரவில்லை.

ஏமாற்று என்று சொல்கிறோமா? இல்லை. வரவையும் வழங்கியதையும் தங்கள் தளத்திலே பட்டியலிட்டார்கள். 1.5 கோடி டாலரை யூனிசெஃப் நிறுவனத்துக்குத் தந்தார்கள், தடுப்பூசி போடுவதற்கான 16 கோடி ஊசிக்குழல்கள் வாங்க. நல்ல செயல், பாராட்டுகிறோம். ஆயினும் பாடம் பாடந்தான். கண்ணாடி உண்டியலிலே தெரிவது நாணயத்தின் எண்ணிக்கை. அரிசி மூட்டையின் எண்ணிக்கை அல்ல. இன்று நூறாகத் தெரிவது நாளை நாற்பதாகும், மறுநாள் நூற்றைம்பதாகவும் ஆகலாம். எந்த நாளில், எந்த விலையில் விற்றார்கள், ஏன் அன்று விற்றார்கள், இன்னும் ஏறும் என்று வைத்திருந்தார்களா என்பதைச் சொல்லாவிட்டால், துயர் துடைக்கும் நிதி சூதாட்டப் பணயம் ஆகிவிடும். பசித்தவன் பேரால் திரட்டிய பணத்தைப் பங்குச் சந்தைக் குதிரைமேல் கட்ட எவருக்கும் உரிமை கிடையாது.

இன்னொரு தடையும் இருந்தது: சட்டம். வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தை 2020 செப்டம்பரிலே ஒன்றிய அரசு மேலும் இறுக்கியது. வெளிநாட்டுக் கொடை எதுவானாலும், முதலில் டெல்லியிலுள்ள பாரத ஸ்டேட் வங்கியின் ஒரே ஒரு கிளைக்குத்தான் வர வேண்டும். அப்படி வாங்கிய நிறுவனம், அதை இன்னொரு நிறுவனத்துக்குப் பிரித்துக் கொடுக்கக் கூடாது. எண்ணிப் பாருங்கள். தென்கோடியிலே, ஆம்புலன்சு கூட நுழையாத சிற்றூரிலே உழைக்கும் சிறு சங்கம், டெல்லிக் கதவைத் தட்டி, அங்கே கணக்குத் திறந்து, அதன் பிறகுதான் உதவியைக் காண வேண்டும்! நொடியிலே கண்டம் தாண்டி வந்த நாணயம், டெல்லி வாசலிலே வந்து நொண்டியடித்தது. இந்தச் சட்டத்துக்கு உட்பட்டு மெல்ல மெல்லத்தான் செலவிட முடிகிறது என்ற நிலையிலே, 2022 ஜனவரியில் 10 கோடி டாலர் புட்டெரினுக்கே திரும்பிச் சென்றது, அவர் வழியாகக் கோவிட் ஆய்வுகளுக்குச் செலவிட. மூச்சுத் திணறிய மண்ணுக்கென்று வந்த பணம், மூச்சடங்கிய பிறகு, வந்த வழியே ஒரு பகுதி திரும்பிப் போயிற்று. கண்ணாடி வழியே இதையும் உலகம் பார்த்தது. பார்க்கத்தான் முடிந்தது.

மூன்றாம் கேள்வி. வெளியே எடுத்தது எங்கே போயிற்று? நம் நெஞ்சைச் சுடுகின்ற கேள்வி இதுதான். மீண்டும் துருக்கிக்கு வாருங்கள்.

அங்கே அஹ்பாப் என்றோர் அறநிறுவனம். ஹலூக் லெவென்ட் என்ற புகழ்பெற்ற பாடகர் 2017 இல் தொடங்கியது. நிலநடுக்கம் நிகழ்ந்ததும் மக்களின் நம்பிக்கை அரசை விட்டு அந்தப் பாடகரை நோக்கி ஓடியது. அஹ்பாப் தன் கிரிப்டோ முகவரிகளை ஊரறிய வெளியிட்டது. சில நாட்களிலேயே பல இலட்சம் டாலர் மதிப்புள்ள நாணயம் வந்து சேர்ந்தது. புட்டெரின் 99 ஈதர் அனுப்பினார். அனைத்தும் பேரேட்டிலே பதிவு, அனைவரும் பார்க்கலாம்.

வீடிழந்தவர்க்குக் கூடாரம் வேண்டும். அஹ்பாப் கூடாரம் தேடியது. யாரிடம் இருந்தது கூடாரம்? துருக்கியின் செம்பிறைச் சங்கத்திடம். நம் நாட்டுச் செஞ்சிலுவைச் சங்கம் போன்றது அது. 1868 இல் தோன்றிய தொன்மையான அமைப்பு. துயருற்றவனுக்குக் கூடாரம் தருவதற்கென்றே உள்ள சங்கம். அந்தச் சங்கம் என்ன செய்தது? அதன் நிறுவனம் 2,050 கூடாரங்களை அஹ்பாபுக்கு விற்றது, தோழர்களே, விற்றது! 4 கோடியே 60 இலட்சம் லிராவுக்கு. நிலம் நடுங்கி மூன்றாம் நாள். இடிபாட்டின் அடியிலிருந்து குரல் கேட்டுக்கொண்டிருந்த வேளை. மக்கள் கொடுத்த பணத்தால், மக்கள் கொடையால் வளர்ந்த சங்கத்திடமிருந்தே, மக்களுக்கான கூடாரம் விலைக்கு வாங்கப்பட்டது.

வாங்கியவர்கள்மேல் குறை சொல்ல மாட்டோம். குளிரிலே குழந்தை நடுங்கும்போது பேரமா பேசுவார்கள்? விற்றவர்களைத்தான் கேட்கிறோம். அடக்க விலைக்குத்தான் கொடுத்தோம் என்று வாதாடினார் செம்பிறைச் சங்கத் தலைவர். அடக்க விலையாம்! பிணத்தின் பக்கத்திலே தராசு வைத்துவிட்டு, இலாபம் வைக்கவில்லை பாருங்கள் என்று பெருமை! நாடு கொதித்தது. 2023 மே திங்களில் அவர் பதவியை விட்டு விலகினார்.

இந்தச் செய்தி வெளியே வந்தது எப்படி? இதைத்தான் கருத்தூன்றிக் கேட்க வேண்டும். பிளாக்செயினா சொன்னது? இல்லை. ஆயிரம் கணினியிலே படியெடுத்து வைத்த பேரேட்டிலே, கூடாரம் என்ற சொல்லே கிடையாது. ஜும்ஹுரியெத் என்ற நாளேடு துருவித் துருவி வெளியிட்டது. பேரேட்டிலே தெரிவதெல்லாம், இந்தப் பையிலிருந்து அந்தப் பைக்கு நாணயம் போயிற்று என்பதுதான். அந்தப் பை பெரும்பாலும் நாணய மாற்றுச் சந்தை ஒன்றின் பை. அங்கே நாணயம் லிராவாகிறது, ரூபாயாகிறது. ஆன அந்த நொடியிலேயே கண்ணாடி முடிந்து சுவர் தொடங்கிவிடுகிறது. அதற்கு அப்பால் வாங்கியது எது, விற்றவர் யார், விலை என்ன, சேர்ந்தது யாருக்கு? எல்லாம் பழைய இருட்டு, பழைய பேனா, பழைய மனிதர்கள்.

இந்த நோய் புதிய நாணயத்தோடு பிறந்ததுமல்ல. 2010 ஜனவரி 12 இல் ஹைட்டி நாட்டை நிலநடுக்கம் நொறுக்கியது. அமெரிக்கச் செஞ்சிலுவைச் சங்கம் ஏறத்தாழ 50 கோடி டாலர் திரட்டியது. எல்லாம் நல்ல வங்கிப் பணம். 1,30,000 பேருக்கு வீட்டு வசதி தந்தோம் என்றார்கள். 2015 இல் புரோபப்ளிகா என்ற செய்தி நிறுவனமும் என்.பி.ஆர். வானொலியும் நேரிலே சென்று எண்ணிப் பார்த்தன. புதிதாகக் கட்டிய நிலையான வீடுகள் ஆறு. ஆறே ஆறு! வரவு அங்கேயும் ஊரறிந்ததுதான். செலவுதான் ஊரறியவில்லை.

ஆகவே நாம் சொல்வது இது ஒன்றுதான்: வரவைக் காட்டுவது பாதிக் கணக்கு. பாதிக் கணக்கை எவ்வளவு பளபளப்பான கண்ணாடியிலே வைத்தாலும் அது பாதிக் கணக்குத்தான். மறு பாதி, கடைசிக் குடிசையின் வாசலிலே இருக்கிறது. அங்கே போய்ச் சேர்ந்ததா என்று சொல்லும் வரையிலே எந்த நாணயமும் நாணயமானதல்ல!

பாதிக் கணக்காவது காட்டினார்களே என்று நாம் ஏங்கும்படி நடந்துகொண்டவர்களும் உண்டு. 2020 மார்ச் 27 ஆம் நாள் பி.எம். கேர்ஸ் என்ற நிதி அறக்கட்டளையாகப் பதிவாயிற்று. தலைவர், பிரதமர். அறங்காவலர்கள், அமைச்சர்கள். ஐந்தே நாளில் வந்த தொகை 3,076 கோடி ரூபாய். கொடுத்தவர்கள் யார் என்று கேட்டார்கள், பட்டியல் வரவில்லை. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ்க் கேட்டார்கள். இது அச்சட்டம் சொல்லும் பொது அதிகார அமைப்பு அல்ல என்று பிரதமர் அலுவலகம் கதவைச் சாத்தியது. டெல்லி உயர்நீதிமன்றத்திலும் அதையே சொன்னார்கள். தணிக்கை அறிக்கை என்று தளத்திலே தாள் வைத்தார்கள். இந்தியத் தலைமைத் தணிக்கையாளர் அந்தக் கணக்கைத் தொடுவதில்லை. பதவிப் பெயர் பிரதமருடையது, கேட்கும்போது தனியார் அறக்கட்டளை! சாதாரணத் தகரப் பெட்டி கூட அல்ல இது. சிமெண்டால் பூசிய பெட்டி.

அடுத்த ஆண்டு, 2021 மே 7 இல் தமிழ்நாட்டின் முதலமைச்சராகப் பொறுப்பேற்ற மு.க.ஸ்டாலின், முதலமைச்சர் பொது நிவாரண நிதிக்குக் கொடை கேட்டபோதே, வந்ததும் செலவிட்டதும் பொதுவெளியில் வைக்கப்படும் என்றும் சேர்த்துச் சொன்னார். கேட்கும்போதே கணக்கையும் வாக்களிப்பதுதான் முறை. இதை எடுத்துக்காட்டுவதால், நமக்கு வேண்டியவர்களிடம் மட்டும் கணக்கு கேட்க மாட்டோம் என்று எவரும் எண்ண வேண்டாம். எதிரியிடம் கேட்கும் கேள்வியை நண்பனிடமும் கேட்பவன்தான் தோழன். நம் கிளைக் கழகம் திரட்டும் பத்து ரூபாய்க்கும் அதே அளவுகோல்தான்.

இனி, வெளிப்படை என்ற பெயராலே செய்யக் கூடாத ஒன்றையும் சொல்லியாக வேண்டும். கணக்கு வெளிப்படையாக இருக்கட்டும் என்றதும், வாங்கிய ஏழையின் பெயரையும் படத்தையும் கைரேகையையும் ஊருக்குக் காட்டும் ஆவேசம் சிலருக்கு வந்துவிடுகிறது. ஐந்து கிலோ அரிசி கொடுப்பதற்கு ஐந்து பேர் கைநீட்டி, நடுவிலே ஒரு தாய் தலைகுனிந்து நிற்கும் படங்களைப் பார்த்திருக்கிறோம். பேரேட்டிலே ஏறியது அழியாது என்று சொன்னோமே, அது இங்கே கத்தியின் மறு முனை. ஒரு புயலிலே அரிசி வாங்கிய பெண்ணின் பெயர், அவள் பேரப்பிள்ளை காலம் வரையிலும் உலகம் பார்க்கத் தொங்க வேண்டுமா?

2017 இல் ஐ.நா.வின் உலக உணவுத் திட்டம், ஜோர்டான் நாட்டு அஸ்ராக் முகாமிலே, சிரிய அகதிகள் கருவிழியைக் காட்டிக் கடையிலே சாமான் வாங்கும் முறையோடு பிளாக்செயின் பேரேட்டை இணைத்தது. ஒவ்வொரு கொள்முதலும் பதிவாகிறது. கடைசிக் கை வரையிலும் கணக்கு போகிறது. ஆனால் அந்தப் பேரேடு ஊரார் பார்வைக்குத் திறந்ததல்ல. கடைசிக் கைவரை கணக்கைக் கொண்டுபோக முடியும் என்பதற்கு அது சான்று. எளியவன் பெயரைக் காக்கவும் வேண்டும் என்பதற்கும் அதுவே சான்று. திரட்டியவன் முகம் தெரியட்டும். செலவிட்டவன் முகம் தெரியட்டும். வாங்கியவன் மானம் மறைவாகவே இருக்கட்டும். சுயமரியாதைக்காரர்கள் நாம். பசியை ஆற்றும்போது மானத்தைப் பறிக்கக் கூடாது.

அப்படியானால் என்னதான் செய்ய வேண்டும்? கிரிப்டோவானாலும் கிழிந்த நோட்டானாலும், துயர் துடைக்கத் திரட்டுபவர்க்கு நாம் வைக்கும் கட்டளைகள் ஐந்து.

ஒன்று: முகவரிக்கு முகம் வேண்டும். எந்த நிறுவனம், பதிவு எண் என்ன, பொறுப்பாளர் யார் யார் என்பதைச் சொன்ன பிறகே உண்டியலை நீட்ட வேண்டும்.

இரண்டு: சாவி ஒருவர் கையிலே இருக்கக் கூடாது. தொழிற்சங்கக் காசோலையிலே செயலாளர் ஒருவர் மட்டும் கையெழுத்திட்டால் வங்கி ஏற்குமா? பொருளாளரும் சேர வேண்டும். அதைப் போல, ஐந்து பேரிடம் சாவி கொடுத்து, மூன்று பேர் சேர்ந்தால்தான் திறக்கும் பைகள் கிரிப்டோவிலும் உண்டு. அதைத்தான் பயன்படுத்த வேண்டும்.

மூன்று: நாணயத்தை ரூபாயாக்கும் விதியை முன்கூட்டியே எழுதி வைக்க வேண்டும். வந்த அன்றே மாற்றுவதா, பெருந்தொகையானால் எத்தனை நாளிலே மாற்றுவது என்று தெளிவாகச் சொல்லி, மாற்றிய நாளையும் விலையையும் கட்டணத்தையும் வெளியிட வேண்டும்.

நான்கு: செலவுப் பட்டியல். "நிவாரணப் பணிகளுக்கு இவ்வளவு" என்ற ஒற்றை வரி செல்லாது! என்ன பொருள், எத்தனை, என்ன விலை, யாரிடம் வாங்கியது, எந்த ஊரிலே கொடுத்தது என்று வேண்டும். அது கணினித் தளத்திலே மட்டும் இருந்தால் போதாது. கொடுத்த ஊரின் தேநீர்க் கடைச் சுவரிலும், பள்ளிக்கூட வாசலிலும் ஒட்ட வேண்டும். 300 பாய் கொடுத்ததாக எழுதியிருந்தால், 200 தான் வந்தது என்று சொல்லக் கூடியவர் அந்த ஊர்க்காரர்தான். அவரைவிடப் பெரிய தணிக்கையாளர் உலகத்திலே இல்லை.

ஐந்து: மிச்சம். துயர் தீர்ந்த பின் மீந்தது எவ்வளவு, அதை என்ன செய்தோம், கணக்கை என்று முடித்தோம் என்று சொல்லும் நாள் ஒன்று வேண்டும். தொடக்க விழா நடத்துவோர் ஆயிரம். கணக்கு முடிப்பு விழா நடத்துவோர் எத்தனை பேர்?

"கொடுத்துவிட்டோம், அதோடு மறந்துவிடுவதுதான் அறம்; கணக்கு கேட்பது அற்பம்" என்று உபதேசிப்பவர்கள் இருக்கிறார்கள். அந்த உபதேசம் உண்டியலைத் தூக்குபவனுக்கு மிகவும் வசதியானது! ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்றார்கள் நம் பெரியவர்கள். நாள் முழுதும் தறியிலே கால் உதைத்தவன் கொடுத்த ஐம்பது ரூபாய் அது. ஒரு வேளைச் சோற்றை விட்டுக் கொடுத்தது. அதற்குக் கணக்கு கேட்பது அவன் கொடையைக் குறைக்காது. அவன் உழைப்பை உயர்த்தும்.

இதிலே பறிபோவது பணம் மட்டுமென்று நினைக்காதீர்கள். ஒருமுறை ஏமாந்தவன் அடுத்த புயலிலே கதவைத் திறக்க மாட்டான். அவன் கதவைச் சாத்தும்போது, வெளியே நனைந்து நிற்பது அவனை ஏமாற்றியவனல்ல. கூரையிழந்த இன்னொரு தொழிலாளி. திருடியவன் ஒருவன், தண்டனை பெறுபவன் வேறொருவன். இதைத் தடுக்கத்தான் கணக்கு.

ஆகவே, தோழர்களே, செல்பேசியிலே ஒரு முகவரி வந்து கொடு என்று கேட்டால், மூன்று கேள்வியையும் கேளுங்கள். யாருடையது? எவ்வளவு பெறும்? எங்கே போயிற்று? நாளைக்கு நீங்களே பெட்டியைத் தூக்கும்போது, எவரும் கேட்பதற்கு முன்பாக, மூன்றுக்கும் விடையைச் சட்டைப் பையிலே வைத்துக்கொண்டு படியேறுங்கள். கிழவி ஒருத்தி முந்தானை முடிச்சை அவிழ்த்துப் பத்து ரூபாயை எடுத்து நீட்டுவாள். கணக்கு அவளுக்குப் படிக்கத் தெரியாமல் இருக்கலாம். படித்துக் காட்டுங்கள்!